அரைப் புள்ளி

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தைச் சோதிப்பவருக்கு மேற்கையில் சுற்றும் பட்டையும் ஓர் அளவுமானியும் போதும். சர்க்கரை நோய் மருந்தைச் சோதிப்பவருக்குச் சிறிது இரத்தம் போதும். அல்சைமர் நோய்க்கான மருந்தைச் சோதிப்பவரோ, மூளையைப் படமெடுக்கும் அத்தனை கருவிகளையும் அருகில் வைத்துக்கொண்டும், கடைசியில் நோயாளியிடமும் அவரோடு வாழ்பவரிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேசித்தான் மருந்து பலித்ததா என்பதை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. 1906ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலோயிஸ் அல்சைமர் விவரித்த இரண்டு அடையாளங்கள், அதாவது நரம்பணுக்களுக்கு வெளியே திரளும் படிவுகளும் அவற்றின் உள்ளே முறுக்கிக் கிடக்கும் இழைகளும், இன்று உயிரோடிருப்பவரின் தலைக்குள்ளேயே படமாகத் தெரிகின்றன. முதலாவது அமிலாய்டு என்ற புரதத் துணுக்கால் ஆனது என்பதும், இரண்டாவது டௌ என்ற புரதத்தால் ஆனது என்பதும் பாடநூலுக்கு வந்துவிட்ட செய்திகள். ஆயினும் ஒரு குடும்பம் இழப்பது படிவற்ற மூளையை அன்று. மளிகைக் கணக்குப் பார்த்தவரையும், பேத்தியின் பெயர் சொல்லி அழைத்தவரையும்தான் அது இழக்கிறது. அந்த இழப்பு எந்த வேகத்தில் நிகழ்கிறது என்பதை அளக்கும் வேலைதான் அல்சைமர் மருந்துச் சோதனையின் உள்ளறை. அந்த அறையைப் பற்றி வெளியே பேசப்படுவது மிகக் குறைவு.

அங்கே நடக்கும் வேலையின் நுட்பத்தை உணர்த்த ஓர் எண் போதும், அது 0.45. ஜப்பானைச் சேர்ந்த எய்சாய் நிறுவனமும் அமெரிக்காவின் பயோஜென் நிறுவனமும் இணைந்து கொண்டுவந்த லெகனெமாப் என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையின் விரிவான முடிவுகள் 2022 நவம்பர் 29 அன்று வெளியாயின. நோயின் தொடக்க நிலையில் இருந்த 1,795 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, 898 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த மருந்தும், 897 பேருக்கு அதே போலவே தோன்றுகிற ஆனால் மருந்தேதும் கலவாத திரவமும் சிரைவழியே ஏற்றப்பட்டன. இப்படித் தரப்படும் வெறும் திரவத்தையோ மாத்திரையையோ மருந்துப்போலி என்பர். எவருக்கு எது செல்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைக் கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது என்பதால் இம்முறைக்கு இரட்டை மறைப்பு என்று பெயர். பதினெட்டு மாதங்கள் கழித்து, 18 புள்ளிகள் வரை நீளும் ஓர் அளவுகோலில் மருந்துப்போலி பெற்றவர்கள் சராசரியாக 1.66 புள்ளி சரிந்திருந்தனர். மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளி சரிந்திருந்தனர். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த 0.45. செய்தித்தாள்கள் அதையே விகிதமாக்கி, நோயின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது என்று எழுதின. இரண்டும் ஒரே உண்மைதான் என்றாலும், 27 என்ற எண் காதில் விழும் விதம் வேறு, 0.45 விழும் விதம் வேறு.

இந்த அளவுகோல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, 1982இல் வெளியிடப்பட்டது. சி.டி.ஆர். என்று துறையினர் சுருக்கி அழைக்கும் இது ஆறு பெட்டிகளைக் கொண்டது: நினைவு, காலமும் இடமும் அறிதல், சீர்தூக்கிப் பார்த்துச் சிக்கலைத் தீர்த்தல், வெளியுலகப் புழக்கம், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத் தானே பேணுதல். ஒவ்வொரு பெட்டியிலும் குறையில்லாதவருக்குச் சுழியமும், ஐயத்துக்கிடமான குறைக்கு அரையும், அதற்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்றும் மதிப்பிடுவர். தன்னைப் பேணும் பெட்டியில் மட்டும் அரை கிடையாது. ஆறையும் கூட்டினால் வருவதுதான் மேலே சொன்ன 18 புள்ளி அளவு. எனவே தனியொரு நோயாளியின் மதிப்பெண் நகரக்கூடிய மிகச் சிறிய படி அரைப் புள்ளி. 1,795 பேரின் சராசரியில் கிடைத்த வெற்றியோ அந்த ஒரு படியைவிடவும் சற்றுக் குறைவு. மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் இடையிலுள்ள வேறுபாடே இவ்வளவுதான் என்னும்போது, மதிப்பீட்டாளர் ஒருவர் அரை என்று எழுதவேண்டிய இடத்தில் கை தாராளமாகி ஒன்று என்று எழுதினால், அவர் செய்யும் பிழை தேடப்படும் பொருளின் அளவுக்கே பெரியதாகிவிடும். ஒரே பக்கமாகச் சாயாத வரை பல நூறு பேரின் கூட்டத்தில் அத்தகைய பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது புள்ளியியலின் ஆறுதல். அவை ஒரே பக்கம் சாய்வதுதான் அபாயம். ஒரு சோதனையில் பணிபுரிவோர் கடைப்பிடிக்கும் விதிகளில் பெரும்பாலானவை அந்தச் சாய்வைத் தடுக்கவே எழுதப்பட்டவை.

மதிப்பீட்டாளர் என்பவர் பெரும்பாலும் உளவியலாளராகவோ செவிலியராகவோ மருத்துவராகவோ இருப்பார். எவராயினும் இந்த அளவுகோலுக்கெனப் பயிற்சி பெற்று, மாதிரி நேர்காணல்களுக்குத் தாமே மதிப்பெண் இட்டுத் தேறிய பின்னரே நோயாளியின் எதிரில் அமர்த்தப்படுவார். நேர்காணல் நோயாளியிடம் தொடங்குவதில்லை. முதலில் அவரோடு வாழும் மனைவியோ கணவரோ மகளோ தனியே அழைக்கப்பட்டு, கடந்த ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் நோயாளியின் நினைவில் தங்கியிருக்க வேண்டிய நிகழ்ச்சி ஏதேனும் நடந்ததா என்று கேட்கப்படுவார்: எங்கே நடந்தது, யார் யார் வந்திருந்தனர், எவ்வளவு நேரம் நீடித்தது, வீடு திரும்பியது எப்படி என்று விவரங்கள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளப்படும். அதன் பிறகு நோயாளியை அழைத்து அதே நிகழ்ச்சியை அவர் வாயால் சொல்லச் சொல்வர். பேரனின் பிறந்தநாள் விருந்து மிக நன்றாக இருந்தது என்று முகம் மலரச் சொல்பவர், விருந்து யார் வீட்டில் நடந்தது என்று கேட்டதும் பேச்சை மாற்றினால், அந்த இடைவெளியின் அகலத்தையே நினைவுப் பெட்டியில் மதிப்பெண்ணாக்க வேண்டும். நாகரிகமும் பேச்சுவன்மையும் கொண்டவர்கள் தங்கள் மறதியை எவ்வளவு இலாகவமாக மூடிமறைப்பார்கள் என்பது இத்துறையில் சில காலம் பணிபுரிந்த எவருக்கும் தெரியும். இரண்டு நேர்காணல்களை ஒப்பிடும் இந்த ஏற்பாடு அந்த மூடலைத் திறப்பதற்கென்றே அமைந்தது.

சிக்கலைத் தீர்க்கும் திறனுக்கான கேள்விகள் பார்வைக்கு எளியவை. பொய்க்கும் தவறுக்கும் என்ன வேறுபாடு, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் என்ன வேறுபாடு, 6 டாலர் 75 சென்டில் எத்தனை கால் டாலர் நாணயங்கள் அடங்கும் என்பன போன்றவை. பொய் என்பது வேண்டுமென்றே சொல்லப்படுவது என்று விடையளிப்பவரின் சிந்தனை வேறுபடுத்தும் பண்பை எட்டுகிறது. இரண்டும் கெட்டவை என்று விடையளிப்பவரின் சிந்தனை அதை எட்டவில்லை. மதிப்பெண் இடும்போது மதிப்பீட்டாளர் மனத்தில் நிறுத்த வேண்டிய விதி ஒன்று உண்டு: நோயாளியை மற்றவர்களோடு ஒப்பிடக் கூடாது, முன்பு அவரே இருந்த நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். வாழ்நாள் முழுவதும் வரவுசெலவு பார்க்காதவர் இன்று அதைப் பார்க்காமலிருப்பது குறையாகாது. கணக்காளராக ஓய்வுபெற்றவர் வங்கிப் புத்தகத்தைக் கண்டு திகைப்பது குறை. முழங்கால் வலியால் கடைக்குப் போவதை நிறுத்தியவருக்கும், வழி மறந்துபோகும் என்ற அச்சத்தால் நிறுத்தியவருக்கும் ஒரே மதிப்பெண் இடலாகாது. சரியான விடை வந்ததும் ‘நன்று’ என்று தலையசைக்கும் இயல்பான மரியாதையைக்கூட மதிப்பீட்டாளர் அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தத் தலையசைப்பே அடுத்த விடைக்கு ஓர் உதவியாகிவிடும். அன்பாகப் பேசுவதும் உதவாமலிருப்பதும் ஒரே மேசையில் நிகழ வேண்டும் என்ற இந்த நிபந்தனை, பயிற்சியால் வருவதைவிடச் சுபாவத்தால் வருவதே அதிகம் போலத் தோன்றுகிறது.

நேர்காணலில் பாதிச் சுமையைத் தாங்குபவர் நோயாளியின் துணைவர். அவரை ஆய்வுத் துணைவர் என்று அழைத்து, நோயாளியைப் போலவே அவரிடமும் ஒப்புதல் பெறுவது வழக்கம். இவர் இல்லாத நோயாளி, மற்ற எல்லாத் தகுதிகளும் இருந்தாலும், பொதுவாகச் சோதனைக்குள் வர இயலாது. தனியே வாழும் முதியவர்கள் இத்தகைய சோதனைகளில் அரிதாகவே இடம்பெறுவதற்கு இது ஒரு காரணம். துணைவர் சோர்ந்திருந்தால் நோயாளி மோசமாகத் தெரிவார். துணைவர் நம்பிக்கையோடு இருந்தால் நோயாளி தேறியவராகத் தெரிவார். முதல் ஆண்டு மனைவியும் இரண்டாம் ஆண்டு மகளும் துணைவராக வந்தால், மாறியது நோயா சாட்சியா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். இதனால்தான் எல்லாச் சந்திப்புகளுக்கும் ஒரே துணைவர் வர வேண்டும் என்றும், கூடுமானவரை ஒரே மதிப்பீட்டாளரே அமர வேண்டும் என்றும் சோதனை ஒருங்கிணைப்பாளர்கள் நாட்காட்டியோடு மல்லாடுகிறார்கள்.

நம்பிக்கை எங்கிருந்து கசிகிறது என்பதைக் காண, மருந்து ஏற்றும் அறைக்குச் செல்ல வேண்டும். லெகனெமாப் என்பது ஆய்வகத்தில் உருவாக்கப்படும் ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம். வட சுவீடனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அரிய மரபணு மாற்றம் ஒன்றை ஆராய்ந்த உப்சாலா பல்கலைக்கழகத்தின் லார்ஸ் லான்ஃபெல்ட், முழுப் படிவாக இறுகுவதற்கு முந்தைய அமிலாய்டு இழைகளே நச்சுத்தன்மை மிகுந்தவை என்று கருதியதிலிருந்து பிறந்தது இந்த மருந்து. இத்தகைய அன்னியப் புரதம் சிரைக்குள் புகும்போது சிலருக்கு நடுக்கமும் காய்ச்சலும் வரும். அந்தச் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 26.4 விழுக்காட்டினருக்கும் மருந்துப்போலி பெற்றவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கும் அப்படி நேர்ந்தது. முதல் நாளே நடுங்கிய கணவரைப் போர்வை போர்த்தி வீட்டுக்கு அழைத்துச் சென்ற மனைவி, அவருக்குச் சென்றது வெறும் திரவமன்று என்று ஊகிக்கக்கூடும். ஊகித்தவரின் சாட்சியில் நம்பிக்கை கலந்துவிடும். இதைவிடக் கடுமையான சிக்கல் மூளையிலேயே நிகழ்கிறது. அமிலாய்டு படிவுகள் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் இருப்பதால், அவை கரைக்கப்படும்போது குழாய்கள் கசிந்து மூளையின் சில பகுதிகளில் நீர்க்கோத்தலோ நுண்ணிய இரத்தக்கசிவோ ஏற்படலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் இந்த மாற்றங்களுக்குத் துறையினர் அரியா என்று பெயரிட்டுள்ளனர். லெகனெமாப் பிரிவில் 12.6 விழுக்காட்டினருக்கு நீர்க்கோத்தல் வகை அரியா வந்தது; மறுபிரிவில் 1.7 விழுக்காட்டினருக்கு. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவுமே இல்லை, படம் எடுத்ததால்தான் தெரிந்தது. சிலருக்குத் தலைவலியும் குழப்பமும் வந்தன. அரிதாக உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. அபோஇ4 என்ற மரபணு வகையைத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு படிகளாகப் பெற்றவர்களுக்கு இந்த இடர் மிக அதிகம்.

அரியா வந்ததும் மருந்து நிறுத்திவைக்கப்படுகிறது, கூடுதல் படங்கள் எடுக்கப்படுகின்றன, மருத்துவர் அடிக்கடி அழைக்கிறார். இந்த நடமாட்டத்தைக் காண்பவர் எவரும், நோயாளி எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதைக் கணித்துவிடலாம். ஆகவே சோதனை மையம் ஒன்றுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் எழுப்பப்படுகின்றன: மருந்தைக் கலக்கும் மருந்தாளுநருக்கு மட்டும் பை எதுவென்று தெரியும், அவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, பாதுகாப்பைக் கவனிக்கும் மருத்துவர் படங்களைப் பார்ப்பார், அவர் நினைவுக்கு மதிப்பெண் இடுவதில்லை, மதிப்பெண் இடுபவருக்குப் படமோ இரத்தப் பரிசோதனையோ நோயாளியின் பக்கவிளைவோ சொல்லப்படுவதில்லை. ஒரே தாழ்வாரத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும் சகாக்கள், தாங்கள் அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லாமலிருப்பதே அவர்களது பணியின் ஒரு பகுதி. துணைவரின் ஊகத்தை மட்டும் எந்தச் சுவராலும் தடுக்க முடிவதில்லை. அரியா வந்தவர்களின் பிந்தைய மதிப்பெண்களை விலக்கிக் கணக்கிட்டபோதும் லெகனெமாப்பின் முடிவு பெரிதாக மாறவில்லை என்பது உண்மை. அந்த விளக்கத்தால் ஐயம் குறைந்தது, முற்றும் நீங்கிவிடவில்லை.

சோதனைக்குள் நுழைவோரைத் தேர்ந்தெடுப்பதும் இதே அளவு கடினமான வேலை. லெகனெமாப் சோதனைக்காக 5,967 பேரைப் பரிசோதித்துத்தான் 1,795 பேரைப் பெற முடிந்தது. முற்காலத்தில் இவ்வளவு வடிகட்டல் இருந்ததில்லை. 2012இல் தோல்வியடைந்த பாபினியூசுமாப் என்ற மருந்தின் சோதனையில், படம் எடுத்துப் பார்க்கப்பட்டவர்களில், அபோஇ4 இல்லாதவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் மூளையில் அமிலாய்டு போதிய அளவு இல்லவே இல்லை என்பது தெரியவந்தது. இல்லாத படிவை அகற்றும் மருந்தை அவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அதன் பிறகே, கதிரியக்க அணுவைச் சேர்த்த ஒரு பொருளைச் செலுத்திப் படிவை ஒளிரச் செய்யும் பெட் படமோ தண்டுவட நீர்ப் பரிசோதனையோ நுழைவாயிலில் கட்டாயமாயின. ஆனால் படிவு இருக்கிறது என்றும், அது அகன்றுவிட்டது என்றும் காட்டினால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அதற்கும் முன்பே ஒரு விடை கிடைத்திருந்தது. ஏஎன்1792 என்ற தடுப்பூசியின் சோதனை, ஊசி பெற்றவர்களில் சுமார் 6 விழுக்காட்டினருக்கு மூளையழற்சி வந்ததால் 2002இல் நிறுத்தப்பட்டது. அதில் பங்குபெற்றுப் பின்னாளில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, சிலரிடம் படிவுகள் ஏறக்குறைய முழுமையாகவே மறைந்திருந்தன, எனினும் அவர்கள் நோயின் கடைசி நிலை வரை சென்றே இறந்திருந்தார்கள். அந்த மேசையையும் நேர்காணலையும் பெட் படத்தால் பதிலீடு செய்ய முடியாமல் போனதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பதிலீடு செய்ய முயன்றதும் நடந்தது. அடுகனுமாப் என்ற மருந்துக்கு ஒரே வரைவில் இரண்டு சோதனைகள், ஒவ்வொன்றிலும் 1,600க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, இணையாக நடத்தப்பட்டன. இடைக்காலக் கணக்கீடு வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று காட்டியதால் 2019 மார்ச்சில் இரண்டும் நிறுத்தப்பட்டன. ஒருங்கிணைப்பாளர்கள் பங்கேற்பாளர்களை அழைத்து, அடுத்த சந்திப்புக்கு மருந்து இராது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், விடுபட்ட தரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சோதனையில் அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்குச் சரிவு 22 விழுக்காடு குறைந்ததாகப் பயோஜென் நிறுவனம் அறிவித்தது. மற்றொரு சோதனையில் அதே அளவு பெற்றவர்கள் மருந்துப்போலி பெற்றவர்களைவிட ஒரு சிறிதும் மேலாக இல்லை. ஒரே மருந்து, ஒரே அளவுகோல், ஒரே கேள்விகள், எதிரெதிர் விடைகள். அந்த ஒற்றைச் சோதனையை மருந்தின் பலனுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளலாமா என்று 2020 நவம்பரில் கேட்கப்பட்டபோது, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் வாக்களித்த 11 பேரில் ஒருவரும் ஆம் என்று சொல்லவில்லை. நிர்வாகம் 2021 ஜூனில், அமிலாய்டு குறைந்ததையே பலனுக்கான முன்குறியாகக் கொண்டு விரைவு ஒப்புதல் வழங்கியது. குழுவிலிருந்து மூவர் விலகினர். 2024 தொடக்கத்தில் நிறுவனமே அந்த மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அரைப் புள்ளிக்கும் குறைவான வேறுபாட்டைத் தேடும் கருவிக்கு அது ஒரு தடவை தென்பட்டதையும் மறு தடவை தென்படாததையும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஓரளவு மறதி தொடங்கிய ஒருவரின் நிலையில் மருத்துவர் உணரத்தக்க மாற்றம் ஏற்பட ஏறத்தாழ ஒரு புள்ளியாவது நகர வேண்டும் என்ற கணிப்பை முன்வைத்து லெகனெமாப்பையும் சிலர் மறுக்கிறார்கள். தனிமனிதரின் மாற்றத்துக்குச் சொன்ன அளவை இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டுக்குப் பொருத்துவது சரியாகாது என்பது மறுதரப்பு; கணக்கின்படி மறுதரப்பு சொல்வதே சரி. ஆனால் வீட்டிலிருப்பவர் அந்த வேறுபாட்டை உணர்வாரா என்ற கேள்வியைக் கணக்கு தீர்த்துவைக்காது.

கேள்விகள் மொழி மாறும்போது நேர்வது தனிக் கதை. ஆங்கிலத்தில் பரவலாகப் பயன்படும் ஒரு குறுந்தேர்வில், பொருளற்ற இடைச்சொற்களை மட்டும் அடுக்கிய வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதைப் பெயர்த்தால் பிற மொழிகளில் கடினமும் மாறிவிடும், பயனும் மாறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென அரியானாவின் பல்லப்கரில் இத்தேர்வு இந்தியில் புதிதாகவே வார்க்கப்பட்டது. மறதிநோய் உள்ளோரில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வுகளோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதையே பெயராக்கிக்கொண்ட 10/66 ஆய்வுக் குழு, தன் களங்களில் சென்னையையும் வேலூரையும் சேர்த்துக்கொண்டது. கால் டாலர் நாணயக் கேள்வியை வேலூர்க் கிராமத்துப் பாட்டியிடம் கேட்க முடியாது என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். பன்னாட்டுச் சோதனைகளில் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்துப் பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருப்பதில்லை.

மறைப்பு என்னும் விதி எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதைக் கொலம்பியா நாட்டின் ஆந்தியோக்கியா மலைப்பகுதி காட்டியது. அங்கே சில பெருங்குடும்பங்களில் பிரிசெனிலின் 1 என்ற மரபணுவிலுள்ள ஒரு மாற்றம் தலைமுறைதோறும் இறங்கி, அதைப் பெற்றவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே மறதியைக் கொண்டுவருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஊரார் லா போபேரா, அதாவது அசட்டுத்தனம், என்று அழைத்த இந்நோயை 1980கள் முதல் பின்தொடர்ந்த நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேராவின் குழுவினர், நோய் தொடங்கும் முன்பே மருந்து கொடுத்தால் தடுக்கலாமா என்று அறிய, கிரெனசுமாப் என்ற ஆன்டிபாடியை 2013 முதல் மெடயின் நகரில் சோதித்தனர். பங்கேற்ற 252 பேரில் மூன்றில் இரண்டு பங்கினரே அந்த மாற்றத்தை உடையவர்கள். எஞ்சியவர்களுக்கு நோய் வரப்போவதில்லை, ஆகவே மருந்தும் தேவையில்லை. ஆனால் மாற்றம் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சேர்க்கப்பட்டதே ஒருவருக்குத் தன் விதியைச் சொல்லிவிடும். தங்கள் மரபணு நிலையை அறிய விரும்பாதவர்கள் அவர்களில் பலர் இருந்தனர். அதனால் மாற்றம் இல்லாதவர்களும் அழைக்கப்பட்டு, அவர்கள் எல்லோருக்கும் மருந்துப்போலியே கொடுக்கப்பட்டது. 2022 ஜூனில் மருந்து பலன் தரவில்லை என்று அறிவிக்கப்படும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, நோயே வராத உடன்பிறந்தவரும் நோய் வரவிருந்த உடன்பிறந்தவரும் ஒரே அறையில் ஒரே மாதிரியான ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒரே கேள்விகளுக்கு விடையளித்து வந்தனர். யாருடைய விடையை எந்தப் பக்கத்தில் சேர்க்கப் போகிறார்கள் என்பது கேட்டவருக்கும் தெரியாது.